சிவப்புச் சால்வையும் ஐந்தாவது முட்டையும்

மே 20, 1956
ஒரு வெட்கக்கேடு. எழுதிவிட்டால் பாதி போய்விடும். இன்று பெந்தெகொஸ்தே திருநாள். பக்கத்துத் தீவு சர்ச்சுக்குச் சிவப்புச் சால்வை போர்த்திப் போனேன், எல்லாரும் பார்க்கட்டும் என்றுதான். அடுத்த வீட்டு ஒட்னி பார்த்தாள். அதோடு நிறுத்தினேனா? படகிலிருந்து இறங்கியதும் அதே சால்வையோடு வாத்துக் கொட்டகைக்குள் தலையை நீட்டினேன். அடைகாத்துக்கொண்டிருந்த ஈடர் வாத்து, யாரோ எவளோ என்று மிரண்டு, முட்டைகள் மேலேயே எச்சமடித்துவிட்டுப் பறந்தது. தூவி என்கிற மெல்லிறகுக்காக நாங்கள் கூடமைத்துக் கொடுக்கும் இந்தக் கடற்பறவைகள் வந்தது முதல் கிளம்பும்வரை எங்களுக்கு ஒரே உடுப்பு, ஒரே நடை, ஒரே குரல். முப்பது வருடமாக நான் படித்த படிப்பே அது ஒன்றுதான்.

என் வீட்டுக்காரர் ஹால்வார்ட் பழைய சாம்பல் ஸ்வெட்டரை நீட்டினார். "பறவை மூஞ்சியப் பாக்காது தோர்திஸ். துணியத்தான் பாக்கும்."

"நீங்களும் அப்படித்தானே?"

சிரிக்கவில்லை.

மே 21
திரும்பி வந்து உட்கார்ந்திருக்கிறது. ஐந்து முட்டையும் எவ்வளவு நேரம் குளிர்ந்து கிடந்ததோ.

மே 27
ஸ்வெட்டர் நாறுகிறது. ஒட்னி மூக்கைப் பொத்திக்கொண்டு, "உன் அழகு தாங்காமத்தான் பறவை ஓடுச்சாமே?" என்றாள். நானும் சிரித்தேன். உள்ளே சுருக்கென்றது.

ஜூன் 9
நான்கு குஞ்சுகளோடு தாய் கடலில் இறங்கிவிட்டது. ஐந்தாவது முட்டையில் அலகு மட்டும் தெரிந்தது. அதற்காகத் தாய் காத்திருக்குமா? மாலையில் ஒருவழியாக வெளியே வந்தது, பிழிந்த துணி மாதிரி. இரண்டு காலும் இரண்டு பக்கம் போகிறது. குளிரில் கிடந்ததுதானே காரணம். என்னாலதானே? வேற யாரால?

கூட்டிலிருந்த தூவியை அள்ளிக்கொண்டு, குஞ்சை வைக்க ஒரு பாத்திரம் தேடினேன். ஹால்வார்ட் சர்ச்சுக்குப் போட்டுப்போகும் தன் தொப்பியை அடுப்போரம் மல்லாக்க வைத்தார். நான் தொட்டாலே கத்துகிற தொப்பி!

ஜூன் 10
சாகவில்லை.

ஜூன் 11
சால்வையில் ஒரு நூலை உருவி, குஞ்சின் இரண்டு காலையும் சேர்த்துத் தளர்வாகக் கட்டினேன். அவித்த முட்டைக் கருவைக் கரைத்துக் கொடுத்தால் என் மேலேயே உதறுகிறது. திமிர் இருக்கிறது, பிழைக்கும்.

ஹால்வார்ட் சொன்னார்: "சமையக்கட்டுல வளந்தா கடல் தெரியாது. மொத நாளே கடற்காக்கா தூக்கிரும்."

கிணற்றடிக் கூட்டில் ஒரு பறவைதான் இன்னும் அடைகாக்கிறது. கடைசி. அது தன் குஞ்சுகளோடு கிளம்புவதற்குள் இது நின்றால், கூடவே அனுப்பிவிடலாம். நில்லுடி கண்ணே.

ஜூன் 13
நின்றது. விழுந்தது. நின்றது.

ஜூன் 14
கிணற்றடியில் நேற்றுப் பொரிந்த மூன்று குஞ்சும் காய்ந்து, ஓடத் தயாராக இருந்தன. நூலை வெட்டினேன். அந்த நாற்றம் பிடித்த ஸ்வெட்டரோடு, வழக்கம்போல் முணுமுணுத்துக்கொண்டே போய், பறவையின் இறக்கைக்கடியில் இதை நுழைத்தேன். அசையவில்லை அது. என்னைத் தெரிந்திருந்தது.

கொஞ்ச நேரத்தில் எழுந்து கடலுக்கு நடந்தது. பின்னால் நான்கு. எங்களுடையது கடைசியில், சற்றுக் கோணலாக. தண்ணீரில் இறங்கியதும் கோணல் தெரியவில்லை.

"போயிருச்சு," என்றேன்.

"ம்."

வழியனுப்ப மரியாதையாக இருக்கட்டும் என்று ஹால்வார்ட் வீட்டிலிருந்து தொப்பியை எடுத்து வந்திருந்தார். தலையில் வைத்துக்கொண்டார். ஐந்து நாளாகக் குஞ்சு கிடந்த அதை நான் துடைக்கவில்லை. காதோரம் வழிந்ததை விரலால் தொட்டுப் பார்த்தார்.

பிறகு காப்பி குடித்தோம்.