ஸ்டெல்லாவின் கையிலிருந்த குழாய்

செவ்வாய், இரவு.

இன்று சேவியரை அடித்துவிட்டேன். அவன் மனைவி ஸ்டெல்லாவுக்குப் புற்றுநோய். மருந்து ஏற்றுவதற்காக இடது கையில் மாதக்கணக்கில் கிடக்கும் குழாயை அவளே கழுவிக்கொள்ளச் சொல்லித்தரத்தான் வேலை முடிந்ததும் தாராவியில் அவர்கள் வீட்டுக்குப் போகிறேன். செத்துப்போன என் மனைவி சுதாவுக்கு அதை நான்தான் செய்தேன்.

நான் நுழைந்தபோது, குழாயைக் கழுவும் சலைன் இறங்கவில்லை என்று சேவியர் சின்ன சிரிஞ்சை மாட்டி முழு பலத்தோடு அமுக்கிக்கொண்டிருந்தான். சிரிஞ்சு சிறுத்தால் அழுத்தம் கூடும், குழாய் உள்ளேயே வெடிக்கும். மெஷின் வேலை படித்த எனக்கு இது தெரியும். கத்தினேன். அவன் கேட்கவில்லை. அறைந்தேன்.

"சாலா, என் வீட்டுக்குள்ள வந்து என்னயே அடிக்கியால? உம் பொண்டாட்டியப் பொழைக்க வச்சிட்டியோ?"

அவன் தலையைச் சுவரில் மோதினேன். உதடு கிழிந்தது. அவன் என் கழுத்தை நெரித்தான். எனக்கு ஒன்றும் வலிக்கவில்லை.

"கிளிப்பே தொறக்கல! அதப் பாக்காம ரெண்டு மாடும் முட்டிக்கிட்டுக் கெடக்கு!" என்று ஸ்டெல்லா கத்தினாள். குழாயின் கிளிப்பைத் திறந்து, நுனியைத் துடைத்து, பெரிய சிரிஞ்சை மாட்டி, நான் காட்டியபடியே விட்டு விட்டு அமுக்கினாள். சலைன் சுலபமாக இறங்கியது.

பிறகு புருஷனின் உதட்டைத் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"இனி நீங்க வராண்டாம்ணே. நானே பாத்துக்கிடுதேன்."

அதற்காகத்தான் போனேன். நாளை வேலை முடிந்ததும் எந்தப் பக்கம் போவதென்று தெரியவில்லை.