மின்கட்டணக் கோப்புறையில் இருந்தது

இன்று காலை உங்கள் கம்ப்யூட்டரின் பக்கத் தகட்டைக் கழற்றியதும் சூடேறிய தூசியின் வாசனை அறை முழுக்கப் பரவியது. ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் பிரஷ்ஷோடு தரையில் உட்கார்ந்தபோதெல்லாம் வந்த அதே வாசனை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த ஒரு மணி நேரத்தில் உங்கள் மேல் இவ்வளவு கோபம் வரப்போகிறதென்று அப்போது தெரியாது.

மகள்தான் வந்திருந்தாள். "மா, இந்த விண்டோஸுக்கு இனிமே அப்டேட் வராது. இதுல பேங்க் வேலையெல்லாம் பண்ணாத, சேஃப் இல்ல" என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். புதிய விண்டோஸை இந்தப் பழைய பெட்டி ஏற்காதாம். நீங்கள் போன பிறகு இதைத் தூக்கிப் போட எனக்கு மனமில்லை. அதனால் புது டிஸ்க் ஒன்றை மாட்டி, விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டுத் தருவதாகச் சொன்னாள். அதற்கு முன் உங்கள் கோப்புகளையெல்லாம் வெளியே நகலெடுக்க வேண்டும். அது ஓடிக்கொண்டிருந்தபோது அவள் டீ போடச் சமையலறைக்குப் போனாள்.

நான் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். 'மின்கட்டணம்' என்று ஒரு கோப்புறை. நான் ஒருநாளும் திறக்க மாட்டேன் என்று தெரிந்துதானே அந்தப் பெயரை வைத்தீர்கள்?

மேலே மூன்று பில்கள். அதற்குக் கீழே உங்கள் நுரையீரலின் ஸ்கேன் அறிக்கைகள். முதல் அறிக்கை ஜனவரியில் எடுத்தது. அப்போதுதான் தெரிந்ததுபோல் என்னிடம் நீங்கள் சொன்னது செப்டம்பரில். நடுவில் எட்டு மாதம். ஆஸ்பத்திரிப் படிவம் ஒன்றில், உடன் வந்தவர் என்ற இடத்தில் நம் மகளின் கையெழுத்து.

"நக்கோ மா, வேணாம், அத ஓப்பன் பண்ணாத!" என்று வாசலிலேயே கத்தினாள்.

"உனக்குத் தெரியுமா?"

டீயைக் கீழே வைத்தாள். "அப்பா சத்தியம் வாங்கிட்டாரும்மா. அம்மாக்குச் சொன்னா நான் ட்ரீட்மென்டே எடுத்துக்க மாட்டேன்னாரு. நான் என்னம்மா பண்ணுவேன்?"

அப்போது அவளுக்கு இருபத்து மூன்று வயது. வேலைக்குச் சேர்ந்த புதிது. ஆபீசுக்கு என்று கிளம்பி உங்களோடு ஆஸ்பத்திரியில் உட்கார்ந்துவிட்டு, மாலையில் வந்து என் எதிரில் சிரித்துச் சாப்பிட்டிருக்கிறாள். ஒரு சின்னப் பெண்ணிடம் இதைச் செய்ய உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

"உனக்கெதுக்கு டென்ஷன்?" வீட்டுக் கடனிலிருந்து உங்கள் இடமாற்றம் வரை முப்பது வருடமும் உங்களிடமிருந்து எனக்குக் கிடைத்த பதில் இதுதான். அன்பு என்று நினைத்தேன். இன்று அப்படி நினைக்க முடியவில்லை. என் வாழ்க்கையில் என்ன நடக்கிறதென்று எனக்குத் தெரிய வேண்டாம் என்று நீங்களாகவே முடிவு செய்திருக்கிறீர்கள்.

அந்த ஏப்ரல் நினைவிருக்கிறதா? ராமச்சந்திராபுரத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கினீர்கள். அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு நம் மூன்று மாடியும் ஏறச் சொன்னேன். இரண்டாவது மாடியிலேயே மூட்டையை இறக்கி வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டு ராவ்காருவிடம் கிரிக்கெட் பேச ஆரம்பித்தீர்கள். நான் மேலிருந்து எட்டிப் பார்த்து, அவர் காதுபட, "சோம்பேறி, ஒரு மூட்டை தூக்க இவ்வளவு நேரமா?" என்று கத்தினேன். நீங்கள் சிரித்தீர்கள். மூச்சு வாங்குகிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஓடி வந்திருக்க மாட்டேனா? சிரித்துக்கொண்டே என்னைக் கொடுமைக்காரியாக்கிவிட்டீர்கள்.

மதியத்துக்குள் வேலை முடிந்துவிட்டது. கம்ப்யூட்டர் இப்போது சட்டென்று ஓடத் தொடங்குகிறது. "அந்த ஃபோல்டர டெலீட் பண்ணிடவா மா?" என்று மகள் கேட்டாள். வேண்டாம் என்றேன். பிறகு என் மடியில் முகம் புதைத்து வெகுநேரம் அழுதாள். இத்தனை நாள் அவளுக்கு அழக்கூட இடமில்லாமல் செய்திருந்தீர்கள். எனக்கு அழுகை வரவில்லை.

அன்று மாடிப்படியில் கத்திய வார்த்தை என்னிடமே இருக்கிறது. திரும்ப வாங்கிக்கொள்ள ஆளில்லை. அன்றே உங்களுக்கு நோய் இருந்தது என்று போகுமுன் ஒரு முறையாவது சொல்லியிருக்கலாம். ஏதாவது ஒரு நாள் உங்கள் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டிருப்பேன்.