ஆல்டர்கோட் தோட்டத்தின் கிழக்கு வேலி

அனுப்புநர்:
வில்ஃப்ரட் ஓக்‌ஷாட்,
தலைமைத் தோட்டக்காரர்,
ஆல்டர்கோட் மாளிகை,
நெதர்கோம், இங்கிலாந்து.

பெறுநர்:
தலைமைப் பொறியாளர் அவர்கள்,
மாவட்டச் சாலைத் துறை.

பொருள்: புதிய சாலைக்காக முன்னறிவிப்பின்றித் தோட்ட வேலியை வெட்டியதும், அதனால் நேர்ந்ததும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இத்தோட்டத்தில் முப்பத்தொரு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். மாளிகைச் சுவர்களுக்குத்தான் சட்டப் பாதுகாப்பு, செடிகளுக்கு இல்லை என்றார் தங்கள் நில அளவையாளர். இங்கே யூ மரங்களை நெருக்கி நட்டு, கத்தரித்து வளர்த்த வேலிகள்தாம் சுவர்கள் என்று எடுத்துச் சொன்னேன். மாளிகையின் நடுவாசலுக்கு நேராக நீள்குளம். இருபுறமும் பத்தடி உயர வேலி. ஒவ்வொன்றிலும் மூன்று திறப்புகள். இருநூற்றறுபது ஆண்டுகளாக இந்த அளவுகள் மாறவில்லை. அவர் எதையும் குறித்துக்கொள்ளவில்லை.

2. மாளிகைக்கு உரியவரான செல்வி லாவினியா ட்ரஸ்காட் அம்மையாருக்கு வயது எழுபத்து நான்கு. பார்வை போய்ப் பத்தொன்பது ஆண்டுகள். ஆயினும் தோட்டத்தில் யார் துணையுமின்றி நடப்பார். வலக்கை கிழக்கு வேலியைத் தொட்டபடியே போகும். மூன்றாம் திறப்பில் திரும்பிக் கல் இருக்கையில் அமர்வார்.

3. சாலை வேலை தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பே கடிதம் வரும் என்று தங்கள் அலுவலகம் சொல்லியிருந்தது. மார்ச் 6 அன்று அம்மையாரை மருத்துவரிடம் அழைத்துச் சென்றிருந்தேன். மாலை நான்கு மணிக்குத் திரும்பினோம். நான் காரை நிறுத்தப் போக, அவர் நேரே தோட்டத்துக்கு இறங்கிவிட்டார். கிழக்கு வேலி முழுவதையும் அறுத்துச் சாய்த்துவிட்டு ஆட்கள் போயிருந்தார்கள். கையை நீட்டி நீட்டி வேலியைத் தேடியவர், திசை தப்பிக் குளத்தில் விழுந்தார்.

நான் ஓடிப்போனபோது இடுப்பளவு நீரில் நின்றுகொண்டிருந்தார். “ஓக்‌ஷாட், வேலி எங்க போச்சு? நான்தான் தப்பா வந்துட்டேனா?” என்று கேட்டார். கைகொடுத்துக் கரையேற்றினேன். தம் பிழை என்றே எண்ணி, என்னிடம் மன்னிப்பும் கேட்டார்.

தங்கள் கடிதம் மறுநாள் வந்தது.

4. அதை அவருக்குப் படித்துக் காட்டினேன். மணிக்கட்டில் கட்டுடன் முழுதும் கேட்டார். பிறகு தோட்டக் கதவைப் பூட்டச் சொன்னார். அன்றுமுதல் வெளியே வரவில்லை.

5. சாலையை நிறுத்தக் கோரி நான்கு முறை எழுதினேன். இனி அதைக் கேட்கவில்லை. வெட்டிய வேலி மீண்டும் அந்த உயரம் வளர அவர் ஆயுளும் போதாது, என் ஆயுளும் போதாது. மேற்கு வேலி இன்னும் நிற்கிறது. சாலைக்காக அதையும் வெட்டப்போகும் நாளை மட்டும் முன்கூட்டி எழுதித் தெரிவிக்குமாறு வேண்டுகிறேன். அதற்குள் ஒருமுறையாவது அவரை அதன் ஓரமாக நடத்திச் செல்ல முயல்வேன். வருவார் என்ற நம்பிக்கை எனக்கில்லை.

இப்படிக்கு,
வில்ஃப்ரட் ஓக்‌ஷாட்

இடம்: நெதர்கோம்
நாள்: 19 மார்ச் 1962