மார்பிள் சிங்க்கில் விழுந்த தேமல்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் மூட்டுவலி தேவலையா? இங்கே எல்லாம் நான் சொன்னபடியேதான் நடந்தது. வினிகரை ஸ்டீல் சிங்க் தாங்கும், மார்பிள் சிங்க் தாங்காது என்று சுத்தம் செய்யப் போன வீட்டில் முன்பே சொன்னேன். வீட்டுக்கார அம்மா, “சொன்னதைச் செய்ங்க. சிங்க்குக்கெல்லாம் ஜோசியம் பாக்காதீங்க” என்றார். ஊற்றித் தேய்த்தேன். மார்பிள் வெளுத்து, முகத்தில் தேமல் விழுந்த மாதிரி ஆகிவிட்டது. விருந்தாளிகள் முன்னால் அந்த அம்மா என்னைக் கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டார். இப்போது இந்தத் தெருவில் சிங்க் என்றாலே என்னைத்தான் தேடுகிறார்கள்.

நீ கட்டிப் பழசான நூல்புடவை ஒன்று அனுப்பு. துடைக்க மெத்தென்று இருக்கும். பிள்ளைகளிடம் மாமாவின் பெருமையைச் சொல். வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

அக்கா, அந்தக் கும்பிடு மட்டும் நான் மாற்றி எழுதியது. கும்பிட்டது நான்தான்.

உன் தம்பி