அண்டாவுக்கு மூன்று கலர்

திண்டுக்கல்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் ரீனாவுக்கு, உன் அப்பன் போன நாளிலிருந்து உனக்கு அப்பனாகவும் இருக்கிற கஸ்பார் சித்தப்பா எழுதுவது. அயர்லாந்துக் குளிரில் நீ சுகமாக இருக்கிறாய் என்றே வைத்துக்கொள்கிறேன். இங்கே நான் சுகம், உன் சித்தி இன்னாசியம்மாள் முழங்காலைத் தவிர மற்றபடி சுகம், என் கோபம் எங்கள் இரண்டு பேரையும் விட நல்ல சுகமாக இருக்கிறது. போனில் நான் கத்துகிறேன், நீ லைன் கட்டாகிவிட்டது என்று பொய் சொல்கிறாய், அதனால் எழுதியே அனுப்புங்கள் என்று சித்தி பேப்பரை எடுத்துக் கொடுத்துவிட்டாள். எட்டாவது பெயில் ஆனவன் எழுத்து என்று சிரிக்காதே. அந்த வருஷம் நான் கேட்ட கேள்வி தாங்காமல் இரண்டு வாத்தியார்கள் மாற்றல் வாங்கிப் போனது உனக்குத் தெரியாது.

போன வாரம் நீ என்ன சொன்னாய்? "மூணு கலர் பெயிண்ட் அடிச்சு விட்டா முடிஞ்சுபோச்சு, இதுக்குப் போயி ஏன் சித்தப்பா இம்புட்டுக் கோபம், யாவாரத்தைப் பாருங்க" என்றாய். அதோடு விட்டாயா, ஜனவரியில் நடக்கப் போகிற உன் கல்யாணத்துக்கும் வேறு விசேஷத்துக்குப் போகாத புது அண்டாவாக எடுக்கச் சொன்னாய், மாப்பிள்ளை பிரிட்டோவின் அம்மா கேட்பார்களாம். அதற்குமேல் நான் சொல்ல வந்ததைக் கேட்காமல் போனை வைத்துவிட்டாய். இப்போது முழுசாகக் கேள். நம் வாடகைக் கடைப் பந்தலும் பிளாஸ்டிக் சேரும் அண்டாவும் போகாத விசேஷம் இந்த ஜில்லாவிலேயே கிடையாது. நத்தத்திலிருந்து தொப்பம்பட்டி வரை பத்து லட்சம் பேர் நம் அண்டாச் சோறு தின்றிருக்கிறார்கள். பக்கத்தில் நின்று படிக்கிற சித்தி, பத்து லட்சமெல்லாம் கிடையாது என்கிறாள், இவள் என்ன பந்தியில் நின்று தலை எண்ணினாளா? அப்படிப்பட்ட கடைக்கு ஒரு கோயில் கமிட்டிக்காரன், ரோஹித் என்று பெயர், அன்னதானத்துக்கு அஞ்சு அண்டா கேட்டு வந்தான். "பாய் வீட்டு பிரியாணிக்குப் போனது வேணாம்ணே, எங்களுக்குன்னு தனியா வச்சு ஒரு மஞ்சக் கோடு போட்டுருங்க" என்றான். "ஏலே, நீ சோத்தைத் திங்கப் போறியா, அண்டாவைத் திங்கப் போறியா" என்று கேட்டு அனுப்பினேன். அது எப்படியோ ஊருக்குள் பரவி, இரண்டு நாளில், பள்ளிவாசல் விசேஷத்துக்கு அண்டா எடுக்கிற நம் முகமது ரஃபீக் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நிற்கிறான். "எனக்கு ஒண்ணும் இல்லண்ணே, எங்க பெருசுக கேக்குறாங்க, அவங்களுக்கு மஞ்சன்னா நமக்குப் பச்சை போடச் சொல்லுன்னு." சரி, இது இரண்டு. மூன்றாவதாக வந்தது யார் தெரியுமா, நம்ம சர்ச் திருவிழாக் கமிட்டி. "நாம மட்டும் இளைச்சவங்களா கஸ்பாரு, நீலம் அடிச்சு மேல ஒரு சிலுவை போட்டுரு" என்றார்கள். ஏசு சிலுவையைச் சுமக்கத்தானே சொன்னாரு, அண்டாவுல வரையவா சொன்னாரு என்று கேட்டேன்.

எனக்குச் சாமியோடு சண்டை கிடையாது பாப்பா, இல்லாதவரோடு என்ன சண்டை. உன் சித்தி கும்பிடுகிறாள், நான் ஒரு நாள் தடுத்தது உண்டா? ஆனால் இத்தனை வருஷத்தில் என் சேரில் எந்தச் சாமியும் வந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. உட்கார்ந்தது, காலை உடைத்தது, உடைத்துவிட்டு நான் உடைக்கவில்லை என்றது எல்லாம் மனுஷன்தான். அந்த மனுஷனுக்கு இப்போது என்ன வந்தது? நம் தெரு வாட்ஸ்அப் குரூப்பு மூன்றாக உடைந்து கிடக்கிறது, தண்ணீர் லாரி வருகிற சேதி ஒரு குரூப்பில் வந்தால் மற்ற இரண்டு குரூப்பும் காலிக் குடத்தோடு நிற்கிறது. தாகத்துக்குக் கூடவா மதம் பிரிப்பார்கள்?

அப்போதுகூட நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். ரோஹித் மறுபடி வந்தான். கடைக்குப் பின்னால் நர்கீஸ் அண்டா விளக்கிக்கொண்டிருந்தாள், உன்னோடு ஒரே பெஞ்சில் படித்த நர்கீஸ்தான், புருஷன் போனபிறகு நம் கடையில்தானே வேலை பார்க்கிறாள். அவளைப் பார்த்துவிட்டு அவன், "கோடு மட்டும் போதாதுண்ணே, எங்க அண்டாவை விளக்குறதுக்கும் வேற ஆள் போடுங்க" என்றான். அவள் காதில் விழுந்தது. தலையைத் தூக்கவில்லை, ஒரு வாளித் தண்ணீரை மட்டும் வேகமாக ஊற்றினாள். அவன் போனபிறகு வந்து, "மாமா, நான் வேற எடம் பாத்துக்கிறேன், என்னால உங்க யாவாரம் கெட வேணாம்" என்றாள். இப்போது நீ சொல், படித்தவள்தானே. அண்டாவுக்கு மூன்று கலர் அடித்துவிட்டேன் என்றே வை, நர்கீஸ் கைக்கு எந்தக் கலரை அடிப்பது?

மூன்று ஆர்டரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினேன் என்று ஊருக்குள் சொல்லி வைத்திருக்கிறேன், உண்மையில் டீ வாங்கிக் கொடுத்துத்தான் அனுப்பினேன். நர்கீஸையும் எங்கும் போகக் கூடாது என்று சத்தம் போட்டு உட்கார வைத்தாயிற்று. அதற்குப் பிறகு நடந்ததுதான் கூத்து. சின்னாளப்பட்டி வாடகைக் கடைக்காரன் வந்து, புது வீடு பால் காய்ப்புக்குத் தன்னிடம் பத்தவில்லை என்று நம் அண்டாவில் அஞ்சை ஏற்றிக்கொண்டு போனான். வெள்ளிக்கிழமை நான் அந்த அன்னதானத்தை எட்டிப் பார்க்கப் போனேன், எவன் அண்டா கொடுத்தான் என்று தெரிய வேண்டாமா? அங்கே சோறு ஆவி பறக்க உட்கார்ந்திருக்கிறது நம் நெளிந்த அண்டா! சின்ன வயசில் நீயும் நர்கீஸும் உள்ளே உட்கார்ந்து படியில் உருண்டு நெளித்தீர்களே, அதேதான். வயிற்றில் பளிச்சென்று ஒரு மஞ்சள் கோடு. அதிலிருந்து அள்ளி அள்ளி ரோஹித்தே பரிமாறுகிறான். "கோவிச்சுக்காம சாப்பிட்டுப் போங்கண்ணே" என்று கையைப் பிடித்து உட்கார வைத்தான். இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன், சாம்பாரில் உப்பு பத்தவில்லை.

இந்தக் கஸ்பார் வாயைத் திறக்கவில்லை என்றால் நீ நம்ப மாட்டாய். சொல்லியிருந்தால் தீட்டு என்று சோற்றைக் கொட்டியிருப்பார்கள், பழி நர்கீஸ் தலையில் விழுந்திருக்கும். வாயைக் கட்டிக்கொண்டு வந்ததில் நெஞ்சுக்குள் இன்னும் எரிகிறது. நேற்று அண்டா திரும்பி வந்தது. நர்கீஸ் புளியும் செங்கல் பொடியும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள், "இது என்ன மாமா கோடு" என்றாள். அழுக்குத்தான் தாயி, தேய் என்றேன். தேய்த்தாள், போய்விட்டது.

ஆகவே ரீனா, உன் கல்யாணச் சோறு அந்த நெளிந்த அண்டாவில்தான் வேகும். உன் மாமியாருக்குப் புதுசுதான் வேண்டும் என்றால் வேறு கடையில் தாராளமாகக் கேட்கட்டும், அங்கேயும் நம்முடையதுதான் கோடு போட்டுக்கொண்டு வரும். ஆசீர்வாதம் என்று நான் எழுதுவதில்லை, சித்தி எழுதச் சொல்கிறாள், அவள் கணக்கில் நிறைய வைத்துக்கொள். குளிருக்குக் காதைக் கட்டிக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு. மறக்காதே, எனக்குப் போன் போடுவதற்கு முன்னால் நர்கீஸுக்குப் போடு. "என் கல்யாணத்துக்கு நீ வந்து நிக்கணும்" என்று உன் வாயால் அவளிடம் சொல். அண்டா விளக்க இல்லை, முதல் பந்தியில் உட்கார.

இப்படிக்கு,
உன் சித்தப்பா
கஸ்பார்