நீ போன பிறகு வந்த மணி

இன்று காலை, நீ வேலை பார்த்த இரும்பு மில்லைத் தாண்டிச் சைக்கிளில் போனேன். நீ செத்ததிலிருந்து அந்த ரோட்டையே தவிர்த்து வந்தவன், இன்று நேரமாகிவிட்டதால் போனேன். உள்ளே கிரேன் மணி அடித்தது. கணீரென்று ரோடு வரைக்கும் கேட்டது. காலை ஊன்றி நின்றுவிட்டேன். உன்னைப் புதைத்த மறுவாரமே அதை மாட்டிவிட்டார்களாம். நீ உயிரோடு இருந்தவரை அதற்கு ஆள் கிடைக்கவில்லை, சாமான் கிடைக்கவில்லை.

நம் பேண்ட் எங்கே வந்து முடிந்தது பார். மணவாள நகர் மொட்டை மாடியில் நாலு பேர் சேர்ந்து கத்தினோம். அதைத்தான் ராக் என்றோம். டிரம் செட் கீபோர்டுக்காரனுடையது, அவன் அப்பா வாங்கித் தந்தது. அவன் பெங்களூருக்குக் கம்ப்யூட்டர் வேலைக்குப் போனதும் செட் டெம்போவில் ஏறியது. பாட்டுக்காரன் ஸ்டீபன் கல்யாண வீடுகளில் வாடகைக் கோட்டு போட்டுப் பாடுகிறான். நான் கிட்டாரைப் பரணில் போட்டுவிட்டு, பிளாஸ்டிக் கம்பெனியில் பிரஸ் மெஷின் ஓட்டுகிறேன். டிரம் அடித்த உனக்கு மிஞ்சியது ரெண்டு குச்சி. கான்ட்ராக்டில் மில்லுக்குப் போனபோது அதைச் சாப்பாட்டுப் பையில் செருகிக்கொண்டாய்.

"இன்னாத்துக்கு மச்சி அது? நீ பீட் போட்டா இரும்பு வளைஞ்சிடுமா?" என்று ஸ்டீபன் ஓட்டினான்.

"நீ பாடசொல்ல எவனாவது எலையவுட்டு நிமிந்து பாக்குறானா? நான் அடிச்சா இரும்பாவது செவக்கும்டா" என்றாய்.

பாட்டு தொடங்குமுன் குச்சியோடு குச்சியை நாலு தட்டு தட்டுவாய். அதற்கு ஒரு சட்டமும் வைத்திருந்தாய். "தட்டு காதுல வுழுந்தா மட்டும் பத்தாது. அல்லாரும் என் மூஞ்சியப் பாருங்க. அப்பால ஆரம்பிக்கலாம்." கல்லூரி விழா ஒன்றில் நான் குனிந்தபடியே தொடங்கிவிட்டேன் என்று, அத்தனை கூட்டத்தின் முன்னால் பாட்டையே நிறுத்தினாய்.

கிரேனுக்குத் தூக்கு, இறக்கு என்று சொல்லவும் கீழே நிற்பவர்களை விலக்கவும் அடித்த பழைய மணி மில்லில் கெட்டுப்போனபோது சூப்பர்வைசர் சொன்னது இவ்வளவுதான்: "அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க." அந்த இரைச்சலில் கத்தினால் கேட்காது. நீதான் வழி சொன்னாய். தூணில் கம்பியால் ரெண்டு தட்டினால் தூக்கு, நாலு தட்டினால் இறக்கு. உன் கைக்குப் பழகிய நாலு. மேலே கிரேன் கூண்டில் இருப்பவனுக்குப் புகையில் உன் மூஞ்சி தெரியாது என்பது உனக்கும் தெரியும். வேறு வழியை யார் கொடுத்தார்கள்?

நீ செத்த அன்று லோடு தலைக்கு மேல் தொங்கியது. கீழே காத்து நின்ற உனக்குள் ஏதோ பாட்டு ஓடியிருக்கிறது. அதைத் தொடங்க, பழக்கத்தில், தூணில் நாலு தட்டினாய். கிரேன்காரன் இறக்கிவிட்டான். தட்டு கேட்டு இறக்கியதை அவனே அழுதுகொண்டு என்னிடம் சொன்னான்; அந்தப் பாட்டு என் ஊகம்.

'விளையாட்டுத்தனம்' என்று முடித்துவிட்டது மில். உன் அம்மாவும் அதை நம்பிவிட்டார். துக்கம் கேட்கப் போன என் மேல் உன் குச்சிகளை விட்டெறிந்தார். "எப்பப் பாரு கொட்டிக்கினே கெடந்தான், அதுவே அவன முழுங்கிடுச்சு. நீங்கதானடா பழக்கி வுட்டீங்க!" மணி கெட்டிருந்ததைச் சொன்னேன். "அம்மாம் பெரிய கம்பெனி. ஒரு மணி கூடவா இல்லாம இருக்கும்?" குச்சிகளைப் பொறுக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இன்று வேலை முடிந்ததும் அவரைச் சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து மில் வாசலுக்குக் கூட்டிப்போனேன். வாட்ச்மேன் விரட்டினார். நாங்கள் நகரவில்லை. மணி அடித்தது.

"இன்னாடா சத்தம் இது?"

"கிரேன் வர்துமா. கீழ நிக்கிறவங்க வெலகறதுக்கு."

"அவன் இருக்கசொல்ல?"

"இல்லம்மா. அவன் போனப்புறம் மாட்டுனது."

அம்மா வாட்ச்மேன் பக்கம் திரும்பினார். "நெசமாப்பா?"

வாட்ச்மேன் தலையாட்டிவிட்டு, தன் ஸ்டூலை அம்மா பக்கம் நகர்த்தினார்.

அடுத்த மணி அடிக்கும்வரை அம்மா அங்கேயே நின்றார். பிறகு, "அந்தக் குச்சிங்கள எடுத்தாந்து குடுத்துடு நைனா" என்றார்.

கொடுத்துவிட்டேன். என்னிடம் மிச்சமிருப்பது உன் சட்டம். என் பிரஸ் மெஷினில் கையைக் காக்கிற தடுப்பு இன்று கழன்று விழுந்தது. நாளைக் காலை எங்கள் சூப்பர்வைசரும் அட்ஜஸ்ட் பண்ணச் சொல்வான். நான் மெஷின் மேல் நாலு தட்டு தட்டுவேன். ஷெட்டில் இருக்கிற அத்தனை பேரும் நிமிர்ந்து என் மூஞ்சியைப் பார்க்கும்வரை தட்டுவேன். தடுப்பை மாட்டும்வரை சுவிட்சைத் தொடமாட்டேன்.