பொங்கலன்று நான் காலை இழுத்துக்கொண்ட காரணம்

கேட்டி, டெக்சஸ்
8-2-1998

அன்பு மகள் கயலுக்கு அப்பா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே உன் அண்ணன் அகிலன், அண்ணி கலாவதி, குட்டி ஓவியா, நான் எல்லோரும் சுகம், என் வலதுகால் கட்டைவிரல் நகம் ஒன்றைத் தவிர. ஃப்ரீமான்ட்டில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாய் இருக்க வேண்டும். இந்த வீட்டில் போன் ஹாலில் இருக்கிறது, பேசினால் எல்லோர் காதிலும் விழும், அதனால்தான் கடிதம்.

பொங்கலன்று நான் அடித்த கூத்தை அகிலன் உனக்குச் சொல்லியிருப்பான். கலாவதி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் காலைத் தொட்டுக் கும்பிடக் குனிந்தாள், ஓவியா என் சாக்ஸைப் பிடித்து இழுத்துவிட்டது, நான் பாம்பை மிதித்தவன் மாதிரி பின்னால் துள்ளி, சோபாவில் வைத்திருந்த சர்க்கரைப் பொங்கல் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். வேட்டியெல்லாம் நெய். அகிலன் விழுந்து விழுந்து சிரித்தான், கலாவதி சிரிக்கவில்லை. விஷயம் இதுதான் கண்ணு, அந்த நகம் மஞ்சளாகித் தடித்து, ஓரமெல்லாம் மரத்தூள் மாதிரி உதிர ஆரம்பித்திருந்தது. பெரிய வியாதியோ, குழந்தைக்கு ஒட்டிக்கொள்ளுமோ என்று பயந்து நாலு மாதமாகப் படுக்கையில்கூட சாக்ஸோடுதான் இருந்தேன், ஓவியாவை மடியில் வைத்ததே இல்லை. போன வாரம் கலாவதி அவள் அம்மாவிடம் போனில், "எங்க மாமாவுக்குப் பொம்பளப் புள்ளைன்னா ஆகாது போலம்மா, ஒரு நா மடியில வெச்சதில்ல, கொழந்த கை பட்டா எட்டிக் குதிக்கறாரு" என்று சொன்னது என் காதில் விழுந்தது. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாளே அகிலனிடம் காலைக் காட்டினேன். அவனுக்குத் தெரிந்த டாக்டர் ஷ்யாமளாவிடம் கூட்டிப் போனான், நம்ம ஊர்ப்பக்கத்துப் பெண். அந்தம்மா நகத்தைக் கொஞ்சம் வெட்டி டெஸ்டுக்கு அனுப்பிவிட்டு, இது வெறும் பூஞ்சை அங்கிள், பெரியவர்களில் பத்தில் ஒருவருக்கு உண்டு, எழுபதைத் தாண்டினால் பாதிப் பேருக்கு இருக்கும், எல்லோரும் உங்களை மாதிரி சாக்ஸுக்குள் ஒளித்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான் என்றது. வயதானால் காலுக்கு ரத்த ஓட்டம் குறையும், நகம் மெதுவாய் வளரும், சர்க்கரை இருந்தாலும் வரும், சேற்றுப்புண்ணிலிருந்தும் பரவுமாம். அப்புறம் தினமும் என்ன செய்வீர்கள் என்று கேட்டது. நான் பெருமையாக, வாக்கிங் போய் வந்து தோட்டத்துக் குழாயில் கால் கழுவாமல் வீட்டுக்குள் நுழைய மாட்டேன் என்றேன். துடைப்பீங்களா என்றது. துடைப்பதாவது, ஈரக்காலோடு உடனே சாக்ஸ்தான், தரை சில்லென்று இருக்கிறதே. அந்தம்மா தலையில் கை வைத்துக்கொண்டு, "அங்கிள், சுத்தம்னு நெனச்சுக்கிட்டு அதுக்கு டெய்லி தண்ணி ஊத்தி, போர்வையும் போத்தி வளத்திருக்கீங்க" என்றது. மூன்று மாதம் மாத்திரை, நடுவில் ஈரலுக்கு ரத்தப் பரிசோதனை, புது நகம் முழுசாய் வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆகுமாம். துண்டும் நகவெட்டியும் தனியாய் வைத்துக்கொண்டால் போதும், பேத்தியைத் தாராளமாகத் தூக்குங்கள் என்றது.

வீட்டுக்கு வந்து கலாவதி முன்னால் சாக்ஸைக் கழற்றினேன். உற்றுப் பார்த்துவிட்டு, "இதுக்கா மாமா இத்தன நாளு" என்று சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே குழந்தையை என் மடியில் போட்டாள். உன் அம்மா இருந்திருந்தால் முதல் வாரமே காலைப் பிடித்து இழுத்துப் பார்த்து மானத்தை வாங்கியிருப்பாள்.

கயலு, நீயும் ஆபீசுக்கு மூடின ஷூதான் போடுகிறாய். விரல் இடுக்கெல்லாம் ஈரம் போகத் துடை, மாப்பிள்ளை நகவெட்டியை நீ எடுக்காதே. சிரிக்காதே, சொன்னதைச் செய். இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
காயாத காலோடு திரிந்த உன் அப்பா
சேனாபதி

பி.கு.: கலாவதி போனில் சொன்ன வார்த்தை ஏன் அப்படித் தைத்தது என்று அவளிடம் நான் சொல்லவில்லை. நீ பிறந்தபோது உன்னைப் பார்க்க மூன்று நாள் கழித்துத்தான் வந்தேன். லீவு கிடைக்கவில்லை என்று உன் அம்மாவிடம் சொன்னேன். லீவு கிடைத்திருந்தது, கண்ணு.